நேர்கோட்டில் யாரும் தண்ணீருக்குப் போவதில்லை

மூன்று வாரமாக இரவில் ஒரே வேலைதான். 1854-ல் லண்டன் சோஹோ பகுதியைச் சூறையாடிய காலராவை டாக்டர் ஜான் ஸ்னோ ஒரு வரைபடத்தில் பதிந்துவைத்தார். பிராட் தெரு அடிபம்பின் தண்ணீரில்தான் நோய் பரவியது என்பது அவர் வாதம். அந்த வரைபடத்தைக் கணினியில் முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறேன். தொற்றுநோய் வரைபடம் பழக வருகிற பெரும்பாலானோர் தொடங்கும் இடம் இதுதான். புள்ளித் தரவு தயாராகவே கிடைக்கிறது. அதை இறக்கி, இரண்டு பொத்தானை அமுக்கினால் பத்து நிமிடத்தில் சிவந்த படம் ஒன்று வந்துவிடும். எனக்கு அது போதவில்லை. அந்த வரைபடத்தில் ஒரு கறுப்புக் கோடு என்றால் ஒரு மனிதரின் சாவு. ஒவ்வொன்றையும் என் கையால் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

வரைபடம் போடும் மென்பொருள் கியூஜிஐஎஸ். இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். மூலப்படம், ஸ்னோ 1855-ல் வெளியிட்ட நூலின் இரண்டாம் பதிப்பில் இருக்கும் வரைபடத்தின் ஸ்கேன். ஒரு மைலுக்கு 30 அங்குலம் என்று அதிலேயே அளவு குறித்திருக்கிறது. அதாவது தாளில் 1 அங்குலம் என்பது தரையில் 2112 அங்குலம். இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டேன், பின்னால் சரிபார்க்க உதவியது.

முதல் வேலை, ஸ்கேன் படத்தை நிஜ நிலத்தின் மேல் உட்கார வைப்பது. பழைய படத்தில் ஒரு தெருமுனையைக் கிளிக் செய்து, இன்றைய வரைபடத்தில் அதே முனையைக் காட்ட வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்கள். சோஹோவில் இது சுலபம், ஏனென்றால் அங்கே தெருக்களின் போக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. பெயர்தான் சில இடங்களில் மாறிவிட்டது. அன்றைய பிராட் தெரு இன்று பிராட்விக் தெரு, அதைச் சந்தித்த கேம்பிரிட்ஜ் தெரு இன்று லெக்சிங்டன் தெரு. கோல்டன் ஸ்கொயரின் மூலைகள், போலந்து தெரு ஆக்ஸ்ஃபோர்டு தெருவைத் தொடும் முனை எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

தெற்கில்தான் சறுக்கினேன். படத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சந்திப்பை, இன்றைய வரைபடத்தில் அதேபோல் தெரிந்த இன்னொரு சந்திப்போடு இணைத்துவிட்டேன். இரண்டு படமும் எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் பிழைக் கோடு அந்த ஒரு புள்ளியில் மட்டும் நீளமாக நீட்டிக்கொண்டு நின்றது. அரைமணி நேரம் மற்ற புள்ளிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: நான் தொட்ட சந்திப்பு ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ போட்டதால் உண்டானது. அந்தச் சாலை திறந்ததே 1886-ல். காலரா வந்தபோது அது கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உருமாற்ற முறைகளில் ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் பிழை பூஜ்யம் என்று காட்டும், பார்க்க மனசுக்கு நிம்மதியாக இருக்கும். உண்மையில் அது நாம் தவறாக வைத்த புள்ளிக்கும் சேர்த்துத் தாளை ரப்பர் மாதிரி இழுத்துப் பொருத்திவிடுகிறது. அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஷாஃப்ட்ஸ்பரி தவறு கடைசிவரை என் கண்ணில் பட்டிருக்காது. முதலில், தாளை அங்கங்கே வளைக்காமல் மொத்தமாக நகர்த்திப் பொருத்தும் எளிய முதல்படி பல்லுறுப்பு முறையில் போடுங்கள், பிழை எங்கே நீட்டுகிறது என்று பாருங்கள். மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது, ஆனால் கண்ணுக்கே தெரியாத வகை. பின்னணிக்கு, தன்னார்வலர்கள் வரையும் இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் போட்டிருந்தேன். அது வந்ததுமே திட்டத்தின் ஆயமுறை, அதாவது உருண்டை நிலத்தைத் தட்டையாக்கி இடங்களுக்கு எண் கொடுக்கும் முறை, இணைய வரைபடங்களுக்கான வெப் மெர்கேட்டருக்குப் போயிருந்தது. நான் கவனிக்கவில்லை. பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி 200 மீட்டர் வட்டம் போட்டேன். வட்டம் ஏனோ சிறிதாகப் பட்டது. தாளின் அளவுகோலை வைத்து அளந்தால் 125 மீட்டர்கூடச் சரியாக வரவில்லை! வெப் மெர்கேட்டரில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலம் உப்பிக்கொண்டே போகும். லண்டன் இருக்கும் 51.5 பாகையில் ஏறத்தாழ 1.6 மடங்கு. அங்கே ‘மீட்டர்’ என்று மென்பொருள் சொல்வது தரையில் நடக்கிற மீட்டர் இல்லை. எல்லாவற்றையும் பிரிட்டிஷ் தேசியக் கட்டத்துக்கு, அதாவது இபிஎஸ்ஜி 27700-க்கு மாற்றிய பிறகு வட்டம் சரியானது. தொலைவு பேசுகிற எந்த வேலையிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வட்டத்துக்குள் எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்பதே நம் வாதமாக இருக்கும்போது, வட்டமே பொய் என்றால் மேலே என்ன கட்டுவது?

சரி, கோடுகளுக்கு வருகிறேன். ஸ்னோ படத்தில் ஒவ்வொரு சாவுக்கும் வீட்டு வாசலில் ஒரு சிறிய கறுப்புப் பட்டை. ஒரே வீட்டில் பலர் இறந்திருந்தால் பட்டைகள் விறகு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். நான் வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்து, எண்ணிக்கைக்குத் தனிப் பத்தி வைத்தேன். பிராட் தெருவில் அடிபம்பை நெருங்க நெருங்க அடுக்குகள் உயர்கின்றன. உருப்பெருக்கி எண்ணும்போது மனம் கனத்துவிடுகிறது. சில அடுக்குகளில் பட்டைகள் மை ஊறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நான்கா ஐந்தா என்று இரண்டு முறை எண்ணினாலும் சந்தேகம்தான். ரஸ்டி டாட்சன் என்பவர் 1992-ல் இதே வரைபடத்தை எண்வடிவாக்கியபோது 578 சாவுகளும் 13 அடிபம்புகளும் பதிவாகின. ஸ்னோவின் அட்டவணையில் மொத்தம் 616. வித்தியாசத்தைப் பார்த்து நான் தவறவிட்டேனோ என்று பயந்தேன். வீட்டு எண் தெரியாமல் மருத்துவமனையில் இறந்தவர்களை வரைபடத்தில் வைக்க முடியவில்லை என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். வரைபடத்தில் ஏறாதவர்களும் இறந்தவர்கள்தான். அதனால் என் கோப்பில் ‘இடம் தெரியாதோர்’ என்று ஒரு வரியைத் தனியாகச் சேர்த்துவைத்தேன்.

இப்போது ஹீட்மேப், அதாவது புள்ளிகள் நெருங்கிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும் படம். எண்ணிக்கைப் பத்தியை எடையாகக் கொடுத்து, ஒவ்வொரு புள்ளியின் நிறமும் 100 மீட்டர் வரை பரவும்படி வீச்சு வைத்து ஓட்டினேன். பிராட் தெருவின் நடுவே சிவப்புத் தணல். அழகான படம்தான். அதை அப்படியே யாருக்காவது அனுப்பியிருப்பேன். ஆனால் போலந்து தெருவில் இருந்த ஏழைகள் விடுதியின் எல்லையையும், பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையையும் அதற்கு முந்தின நாள்தான் வரைந்து வைத்திருந்தேன். அந்த இரண்டு கட்டடத்தின் மேலும் நிறம் ஏறியிருந்தது.

இங்கேதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். விடுதியில் 535 பேர் இருந்தார்கள். சுற்றிலும் முக்கால் பங்குக்கு மேல் சாவு விழுந்த வீடுகள். ஆனால் விடுதிக்குள் காலராவில் இறந்தவர்கள் 5 பேர் மட்டுமே. சுற்றுத் தெருக்களின் விகிதத்தில் இறந்திருந்தால் நூறு பேருக்கு மேல் போயிருப்பார்கள் என்று ஸ்னோ கணக்குப் போட்டார். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது, பிராட் தெருத் தண்ணீருக்கு அவர்கள் ஆள் அனுப்பியதே இல்லை. பீர் ஆலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்களுக்கு ஆலையே பீர் கொடுத்தது, உள்ளேயே ஆழமான கிணறும் இருந்தது. இந்த இரண்டு இடங்களும்தான் தண்ணீர் மேல் விரலை நீட்டுகின்றன. அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பியபடி நோய் கெட்ட காற்றில் வந்திருந்தால், அந்தக் காற்று விடுதிச் சுவரைக் கண்டு திரும்பியிருக்காது. ஹீட்மேப்போ பக்கத்துத் தெருச் சாவுகளை இழுத்து அந்த வெற்றிடத்தின் மேல் பூசிவிட்டது. நிரூபணம் எங்கே இருந்ததோ அங்கேயே பெயிண்ட் அடித்துவிட்டது.

வீச்சைக் குறைத்துப் பார்த்தேன். 30 மீட்டரில் விடுதி தெளிவாகத் தெரிந்தது, ஆனால் மற்ற இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி ஆனது. இதற்குச் சரியான எண் என்று ஒன்று இல்லை. வீச்சு என்பது நாம் எடுக்கிற முடிவு, அதைப் படத்தின் மேலேயே எழுதிவைக்க வேண்டும். இன்னொன்று, ஹீட்மேப் மக்கள்தொகையை அறியாது. கூட்டம் அதிகமான தெருவில் சாவும் அதிகமாகத் தெரியும். எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற பகுதி எண் இல்லாமல் சிவப்பு நிறத்துக்குப் பொருள் கிடையாது. விடுதி விஷயத்தில் 535 என்ற எண் கையில் இருந்ததால்தான் அந்த 5 பேசியது. இன்று வட்டார வாரியாக நோய்க் கணக்கு வரையும்போதும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம் வோரோனாய். ஒவ்வொரு அடிபம்புக்கும் அதற்கு மிக அருகில் இருக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறை இது. 13 பம்புகள், 13 துண்டுகள். பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் பிராட் தெருப் பம்பின் துண்டில் விழுந்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் ஓரங்களில் இடறியது. ரூபர்ட் தெருப் பம்பின் பங்கில் சேர்ந்துவிட்ட சில வீடுகளில் சாவு இருந்தது. அப்படியென்றால் ரூபர்ட் தெருத் தண்ணீரிலும் கோளாறா?

புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். ரூபர்ட் தெருப் பம்புக்கு வரைபடத்தில் பக்கமாகத் தெரியும் சில தெருக்கள், வழி சுற்றிக்கொண்டு போவதால் உண்மையில் தூரமானவை என்று ஸ்னோ எழுதியிருக்கிறார். அந்த வரியை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். இந்த முறை அங்கேயே நின்றுவிட்டேன். நேர்கோட்டில் யாரும் தண்ணீருக்குப் போவதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு, சந்து திரும்பி, மூலை சுற்றித்தான் போகிறார்கள். வோரோனாய் அளப்பது பறவையின் தூரத்தை.

ஆக, தெருக்களையே வலையமைப்பாக வரைய வேண்டியதாயிற்று. இதில்தான் ஒரு முழு வாரம் போனது. கோடுகளைப் பழைய படத்தின் மேல் வரைந்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு பம்புக்கும் மிகக் குறைந்த தூர வழி கேட்டேன். முதல் ஓட்டத்திலேயே விபரீதமான விடைகள். பிராட் தெரு வீடு ஒன்றிலிருந்து பம்புக்கு வழியே இல்லை என்றது. இன்னொரு வீட்டுக்கு, இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சுற்றி வந்தது. சந்திப்பில் உருப்பெருக்கினேன். திரையில் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தெரிந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே அரை மீட்டருக்கும் குறைவான இடைவெளி. கண்ணுக்கு அது சந்திப்பு, கணினிக்கு அது முட்டுச்சந்து. கோட்டின் முனையை அருகில் இருக்கும் கோட்டோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கைப் போடாமலே ஒரு மாலை முழுக்க வரைந்திருந்தேன். பகுப்பாய்வுக் கருவியில் இடவியல் பொறுத்தல் அளவைக் கூட்டினால் இடைவெளிகளைத் தாண்டிவிடும் என்று அதையும் முயன்றேன். ஆனால் குறுகிய சந்துகளில் சேரக்கூடாத கோடுகளும் சேர்ந்துகொண்டன. கடைசியில் ஸ்னாப்பிங்கை 2 மீட்டருக்கு வைத்து, ஒவ்வொரு சந்திப்பாகக் கையால் திருத்தினேன். வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

திருத்திய வலையில் கியூநீட்3 நீட்சியைக் கொண்டு எல்லா வீட்டுக்கும் எல்லாப் பம்புக்கும் தூர அட்டவணை எடுத்து, வீட்டுக்கு மிகக் குறைந்த தூரம் எந்தப் பம்பு என்று பிரித்தேன். பிராட் தெருவின் எல்லை ஒழுங்கான பலகோணமாக இல்லாமல் தெரு தெருவாக விரல் நீட்டிக்கொண்டு போனது. வோரோனாய் வேறு பம்புகளுக்குக் கொடுத்த வீடுகளில் சில இந்தப் பக்கம் வந்தன, சில இங்கிருந்து வெளியே போயின. நேர்கோட்டுக் கணக்கில் எல்லையில் திட்டுத்திட்டாகக் கிடந்த சாவுகள் நடைத்தூரத்தில் பார்த்தால் இன்னும் ஒழுங்காக அடங்கின. நள்ளிரவு தாண்டியிருந்தது. தூங்கப் போக மனம் வரவில்லை.

தெருக் கோடு என்பது எவ்வளவு அடிப்படையான சொத்து என்பது அன்றைக்கு உறைத்தது. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது கினியின் கெக்கெடூ பகுதிக்குப் பயன்படும்படியான வரைபடம் இல்லை. தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சாலைகளையும் கட்டடங்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து கொடுத்தார்கள். நோயாளியின் ஊர் எது, அங்கே போக வழி எது என்பது தெரியாமல் தொடர்பில் இருந்தவர்களை எப்படித் தேடுவது? அந்த வேலையின் அருமை, ஒரு வாரம் சந்திப்புகளைத் திருத்திய பிறகு எனக்கு இன்னும் அதிகமாகப் புரிகிறது.

நடைத்தூரமும் எல்லாவற்றையும் விளக்கவில்லை. மார்ல்பரோ தெருப் பம்புக்கு நடந்தே பக்கமான வீடுகளிலும் சாவு இருந்தது. அந்தப் பம்பின் தண்ணீர் மோசம் என்று பலர் அதைத் தவிர்த்து, பிராட் தெருவுக்கே போனார்கள் என்று ஸ்னோ விசாரித்து எழுதியிருக்கிறார். முதலில் அவர் கையில் கிடைத்த 83 சாவுகளில் 10 மட்டுமே வேறு பம்புக்குத் தெளிவாக அருகில் இருந்த வீடுகளில் நடந்தவை. அதில் 5 வீட்டார் பிராட் தெருத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று அங்கேயே ஆள் அனுப்பினார்கள். இன்னும் 3 பேர் அந்தப் பம்புக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். மீதி 73-ல் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று வீட்டார் சொன்னார்கள். 6 பேர் குடிக்கவில்லை, 6 பேர் பற்றித் தகவல் கிடைக்கவில்லை. இந்தத் தகவல் எந்த அல்காரிதத்திலிருந்தும் வராது, கதவைத் தட்டிக் கேட்டால்தான் வரும்.

புள்ளி வீட்டில் விழுகிறது, தொற்று வேறெங்கோ நடக்கிறது. பிராட் தெரு 37-ம் எண்ணில் துப்பாக்கிக் குண்டுமூடி செய்யும் தொழிற்சாலை இருந்தது. சுமார் 200 பேர் வேலை செய்தார்கள். அவர்கள் குடிக்க அந்தப் பம்புத் தண்ணீரை இரண்டு தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தார்கள். 18 தொழிலாளர்கள் இறந்தார்கள், அவரவர் வீட்டில். தொற்றிய இடத்தில் இல்லாமல், படுத்த இடத்தில்தான் ஒவ்வொருவருக்கும் பட்டை விழும். அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் ஹாம்ஸ்டெட்டுக்குப் புட்டியில் வரவழைத்துக் குடித்த ஒரு மூதாட்டி செப்டம்பர் 2-ல் இறந்தார். அவர் வீடு என் வரைபடத்தின் எல்லைக்குள்ளேயே வராது. அதனால் என் அட்டவணையில் ‘குடித்த தண்ணீர்’ என்று புதுப் பத்தி ஒன்றைச் சேர்த்தேன். பெரும்பாலான கட்டங்கள் காலிதான், காலியாகவே தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இன்றைய நோயாளிகளின் தரவில் இப்படி வீட்டு வாசலில் புள்ளி வைக்கவே கூடாது. யார் வீடு என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடும். வார்டு அளவுக்குக் கூட்டிக்காட்டலாம், அல்லது புள்ளியை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்தி வெளியிடலாம். வெளியே போகாத கோப்பில் மட்டும் சரியான இடம் இருக்கட்டும்.

கடைசியாகத் தேதி. புள்ளிகளை நாள்வாரியாக ஓடவிட்டுப் பார்க்கும் ஆசையில் காலக் கட்டுப்படுத்தியைத் திறந்தேன். பட்டைகளில் தேதி இல்லை, எனவே முடியாது. ஸ்னோவின் நாள் அட்டவணையை வைத்துக் கோட்டுப்படம் மட்டும் போட்டேன். செப்டம்பர் 1-ல் 143 பேர் நோயில் விழுகிறார்கள். செப்டம்பர் 2-ல் 127 பேர் இறக்கிறார்கள். பிறகு நோயில் விழுவோர் தொகை 54, 46, 36 என்று இறங்குகிறது. பம்பின் கைப்பிடியைக் கழற்றிய செப்டம்பர் 8-ல் 12. கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு இந்தக் கோடு ஒத்துவரவில்லை. ஊரை விட்டு மக்கள் ஓடியிருந்தார்கள், தொற்று ஏற்கெனவே தணிந்திருந்தது. ஸ்னோவும் அதை ஒப்புக்கொண்டே எழுதினார். அச்சான வரைபடமும் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அப்படியானால் கைப்பிடியைக் கழற்றியது வீணா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். விடை அப்பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட்டின் விசாரணையில் இருந்தது. ஸ்னோ சொன்னதைத் தவறென்று காட்டக் கிளம்பி, வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஸ்னோ சொன்னதே சரி என்று வந்து சேர்ந்தவர் அவர். பிராட் தெரு 40-ம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று ஆகஸ்ட் கடைசியில் வயிற்றுப்போக்கில் படுத்து, செப்டம்பர் 2-ல் இறந்தது. துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு முன்புற மலக்குழியில் ஊற்றியிருந்தார். தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழி கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தூரத்தில், செங்கல் சிதைந்து கசிந்துகொண்டிருந்தது. குழந்தையின் தந்தை ஒரு காவலர். அவருக்கும் காலரா வந்தது, சில நாளில் இறந்தார். அவர் படுத்த நாள் செப்டம்பர் 8. அதே குழிக்கு மறுபடியும் அலசிய தண்ணீர் போகத் தொடங்கிய அன்றைக்குத்தான் பம்பில் கைப்பிடி இல்லாமல் போனது.